எடின்பரோ கோமகன் சர்வதேச விருது: திருகோணமலைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பொருந்தும்?

வாரத்தில் ஒரு மணித்தியாலம். அதை 13 வாரம் விடாமல், தானே தெரிந்தெடுத்த ஒரு வேலைக்குக் கொடுக்க வேண்டும். எடின்பரோ கோமகன் சர்வதேச விருதின் வெண்கலப் படி ஒரு பிள்ளையிடம் கேட்பதன் அடித்தளம் இதுதான். வெளியே தெரிவது சான்றிதழும், சின்னமும், கூடாரத்துக்கு முன்னால் எடுத்த படங்களும். திருகோணமலைப் பிள்ளைக்கு இந்தத் திட்டம் பயன்படுமா என்று கேட்டால், அந்தச் சேவை மணித்தியாலங்கள் எங்கே செலவாகின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உப்புவெளிக் கரையிலோ கிண்ணியாவின் ஒரு நூலகத்திலோ செலவானால் தாராளமாகச் சேர்க்கலாம். பாடசாலை மண்டபத்தைக் கூட்டுவதிலேயே முடிந்துவிடும் என்றால் அவசரப்பட வேண்டாம்.

இந்த விருதை 1956இல் இளவரசர் பிலிப் பிரித்தானியாவில் தொடங்கினார். யோசனைக்கு வேர் கல்வியாளர் குர்ட் ஹான். இன்று 130க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. இலங்கையில் தேசிய இளைஞர் விருது அதிகார சபை நடத்துகிறது. பாடசாலை, இளைஞர் கழகம் போன்ற இடங்களில் இயங்கும் விருதுக் குழு வழியாகப் பிள்ளைகள் சேரலாம். வயது 14 முதல் 24 வரை. வெண்கலத்துக்கு 14, வெள்ளிக்கு 15, தங்கத்துக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். 25ஆவது பிறந்தநாளுக்கு முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். போட்டி கிடையாது. முதலாம் இடம், இரண்டாம் இடம் கிடையாது. வகுப்பில் 30ஆம் பிள்ளையாக வருபவரும் முதலாம் பிள்ளையும் ஒரே விருதை எடுக்கலாம். புள்ளியால் பிள்ளையை அளந்து பழகிய நம் ஊருக்கு இந்த ஒரு குணமே போதும், திட்டத்தைத் திரும்பிப் பார்க்க.

வெண்கலத்தில் நான்கு பிரிவுகள்: தன்னார்வ சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம். முதல் மூன்றும் தலா மூன்று மாதம். அவற்றில் பிள்ளை விரும்பும் ஒன்றை இன்னும் மூன்று மாதம் நீட்ட வேண்டும். ஆகவே குறைந்தது ஆறு மாதம் ஆகும். கணக்குப் பார்த்தால் பயணம் நீங்கலாக 52 மணித்தியாலம். வெள்ளி தலா ஆறு மாதம், தங்கம் தலா பன்னிரண்டு மாதம். கீழ்ப்படியை எடுக்காமல் நேரே வெள்ளிக்கோ தங்கத்துக்கோ வருபவர் ஒரு பிரிவில் மேலும் ஆறு மாதம் செய்ய வேண்டும். 13 மணித்தியாலத்தை இரண்டு சனிக்கிழமையில் முடித்துவிட முடியாது. அப்படி முடித்த கணக்கை நேர்மையான மதிப்பீட்டாளர் ஏற்கவும் கூடாது.

சேவைப் பிரிவில்தான் அதிகம் பிழைக்கிறது. பிழையின் பெயர் பெரும்பாலும் சிரமதானம். 60 பிள்ளைகள், நான்கு பஸ், கையுறை, பதாகை, காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குப் படம். அடுத்த கிழமை அதே கரையில் அதே அளவு குப்பை. சிரமதானம் கெட்ட காரியம் அல்ல. அது இந்தப் பிரிவு கேட்கும் காரியம் அல்ல, அவ்வளவுதான். இங்கே வேண்டியது ஒரு பிள்ளை ஓர் இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. ஐந்தாம் வாரத்தில்தான் கரைவலைக்காரர் பிள்ளையின் பெயரைக் கேட்பார். ஏழாம் வாரத்தில்தான் குப்பை எந்தப் பக்கத்தால் வருகிறது என்று சொல்வார்.

கடற்கரைச் சேவையை உருப்படியாகச் செய்ய ஒரு முறை: 100 மீற்றர் நீளக் கரையை நூல் பிடித்து அளந்து, இரண்டு முனையிலும் தென்னை, கற்பாறை, மதில் என்று அசையாத அடையாளம் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு பேர் போதும். பொறுக்குவதை ஆறாகப் பிரியுங்கள்: பிளாஸ்டிக் போத்தல், பொலித்தீன், வலையும் கயிறும், ரெஜிபோம், கண்ணாடி, மற்றவை. ஒவ்வொன்றையும் தொங்கு தராசில் நிறுத்து, ஈர மணலை உதறிய பிறகே எழுத வேண்டும். உதறாமல் நிறுத்தால் வலைத்துண்டின் எடை இரண்டு மடங்காகக் காட்டும். ஒரே கிழமைநாள், ஒரே நேரம். 13 வாரம் முடிய ஒரு பக்க அட்டவணை கையில் இருக்கும். உப்புவெளி என்றால் அது பட்டணமும் சூழலும் பிரதேச சபைக்கு, நிலாவெளி என்றால் குச்சவெளிப் பிரதேச சபைக்கு. பிள்ளைகளே கொண்டுபோய்க் கையளித்து, வாங்கியதற்குக் கையொப்பம் பெற வேண்டும். அந்தக் கையளிப்பைச் செய்யாவிட்டால் சேவையில் பாதியே நடந்ததாக நாங்கள் கருதுவோம்.

நகரப் பிள்ளைகளுக்கு இன்னொரு நல்ல வேலை மான்கள். பிரெட்ரிக் கோட்டையிலும் நகரத்துக்குள்ளும் திரியும் புள்ளிமான்கள் உணவுப்பொதி சுற்றிய பொலித்தீனையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன. அது வயிற்றில் அடைத்துக்கொள்கிறது. பிள்ளைகள் வாரம் ஒரு மாலை குறிப்பிட்ட ஐந்து குப்பைத்தொட்டிகளைப் பார்த்து, மூடி இருக்கிறதா, சோற்றுப்பொதி வெளியே கிடக்கிறதா, மான் நிற்கிறதா என்று மூன்று கேள்விக்கு மட்டும் விடை எழுதினால் போதும். அருகில் உள்ள சாப்பாட்டுக் கடைக்காரரோடு பேசுவதும் அந்த மணித்தியாலத்துக்குள் அடங்கும். மானைத் தொடுவது, உணவு கொடுப்பது, துரத்திப் படம் எடுப்பது மூன்றும் வேண்டாம். தாய்மான் குட்டியோடு நிற்கும்போது கிட்டப் போவது ஆபத்து.

சேவையாக எண்ண முடியாதவையும் உண்டு. அப்பாவின் கடையில் நிற்பது சேவை அல்ல. அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது நல்ல பிள்ளைக்கு அழகு. ஆனாலும் இந்தப் பிரிவில் சேராது. இலாபத்துக்கு நடக்கும் டியூட்டரியில் சம்பளமில்லாமல் உதவுவதும் சேராது. அதே நேரம், வீட்டுத் திண்ணையில் அயல் வீட்டுச் சிறுவர் நான்கு பேருக்கு வாரம் ஒரு மணித்தியாலம் வாசிப்புப் பழக்கினால், பணம் வாங்காதவரை, தாராளமாகச் சேரும்.

திறன் பிரிவில் ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும் பாடத்தையே எழுதி வைப்பதைப் பரவலாகக் காணலாம். கணித வகுப்புக்குப் போனதைத் திறன் என்று காட்டுவது இந்தப் பிரிவின் நோக்கத்துக்கு ஒவ்வாது. திருகோணமலையில் கற்கக் கிடப்பதோ ஏராளம். வலை பொத்துவதைப் பாருங்கள்: வலை ஊசியில் நூல் ஏற்றுவது முதல் வாரம், கண் அளவு மாறாமல் முடிச்சுப் போடுவது நான்காம் வாரம் வரை, கிழிந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துப் புதுக் கண் கோப்பது பத்தாம் வாரத்துக்குள். மூன்று மாத முடிவில் ஒரு சாண் அகலக் கிழிசலைத் தனியே பொத்தினால் மதிப்பீட்டாளர் கண்ணால் பார்த்துக் கையொப்பம் இடலாம். அளக்கக்கூடிய இலக்கு என்பது இதுதான். ‘மீன்பிடி பற்றி அறிதல்’ என்று எழுதினால் யாராலும் அளக்க முடியாது.

மொழியும் அப்படித்தான். தமிழ்ப் பிள்ளை சிங்களம், சிங்களப் பிள்ளை தமிழ். இந்த மாவட்டத்தில் இதைவிடப் பயனுள்ள திறன் வேறு உண்டா என்று யோசித்துப் பார்த்தோம், கிடைக்கவில்லை. 13 வாரத்தில் எழுத்து வசப்படாது. சந்தையில் பத்து நிமிடம் பேச வசப்படும். இலக்கை அப்படியே எழுதுங்கள்: ‘மீன் சந்தையில் விலை கேட்டு, பேரம் பேசி, வழி விசாரித்து வருதல்.’

உடற்பயிற்சிப் பிரிவில் சொல்ல அதிகம் இல்லை. கரப்பந்து, எல்லே, ஓட்டம், நீச்சல் எதுவும் ஆகும். தொடங்கும்போது எவ்வளவு, முடியும்போது எவ்வளவு என்ற இரண்டு எண்ணிக்கை வேண்டும். நீச்சலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கடலோரத்தில் பிறந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் இங்கே நிறைய, பெண்பிள்ளைகளில் இன்னும் அதிகம். பெண் பயிற்றுநர், உடல் மூடிய நீச்சலுடை, ஒதுக்கிய நேரம் மூன்றும் இருந்தால் வீடுகள் அனுப்பத் தயங்குவது குறையும். மூன்றையும் பதிவுக்கு முன்பே விருதுக் குழுவை நடத்தும் தலைவர் உறுதிசெய்து பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

இனிப் பயணம். வெண்கலத்துக்கு 2 பகல் 1 இரவு, நாளுக்கு 6 மணித்தியாலம் திட்டமிட்ட செயல். வெள்ளிக்கு 3 பகல் 2 இரவு, 7 மணித்தியாலம். தங்கத்துக்கு 4 பகல் 3 இரவு, 8 மணித்தியாலம். குழு 4 முதல் 7 பேர். இயந்திர வாகனம் இல்லை. நடை, சைக்கிள், துடுப்பு என்று சொந்த உடல் வலுவால் நகர வேண்டும். முதலில் பயிற்சி, பிறகு ஒத்திகைப் பயணம், பிறகு தகுதிப் பயணம், கடைசியில் அறிக்கை. ஒத்திகை போன அதே வழியில் தகுதிப் பயணம் போவது தவறு. வழியை மனப்பாடம் செய்துவிட்டால் வரைபடம் பார்க்கத் தேவையே வராது. தகுதிப் பயணத்தில் மேற்பார்வையாளர் குழுவோடு சேர்ந்து நடக்கக் கூடாது. குறித்த இடங்களில் காத்திருந்து சந்திப்பார். பெற்றோருக்கு இதை முன்கூட்டியே விளக்காவிட்டால், முதல் நாள் மத்தியானமே யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளில் சோற்றுப்பொதியோடு வந்து நிற்பார். குழு தானே சமைத்து, தானே சமாளித்துப் பழகும் வாய்ப்பு அத்தோடு போய்விடும்.

பயணத்தை வெறும் தூரம் கடக்கும் நடையாகவும் வைக்கலாம், ஒரு பொருளை ஆராயும் பயணமாகவும் வைக்கலாம். திருகோணமலைக்கு இரண்டாவதையே பரிந்துரைக்கிறோம். இங்கே ஏற மலை அதிகம் இல்லை. கேட்டு எழுத விடயம் நிறைய. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல்; நீளம் 396 மீற்றர். அதற்கு முன் அந்தத் துறையைப் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் கடந்தவர்கள் இன்றும் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள். காத்திருந்த நேரம், கட்டணம், இரவில் நோயாளியைக் கொண்டுபோன விதம் என்று கேள்வி வைத்துக்கொண்டு பத்துப் பேரைச் சந்தித்தால் இரண்டு நாள் காணாது. பெரியகுளம் பக்கம் வில்கம் விகாரை உண்டு. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி. அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் கலந்த குழு ஒன்று அந்த இடத்தில் உட்கார்ந்து எழுதும் அறிக்கை எந்த வகுப்பறையிலும் பிறக்காது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஒவ்வொன்றின் வெப்பத்தையும் காலை, மதியம், மாலை அளந்து ஒப்பிடுவது வெண்கலக் குழுவுக்குப் போதுமான ஆய்வு.

2004 திசெம்பர் 26 ஆழிப்பேரலை பற்றி ஆராயக் குழுக்கள் விரும்பும். விரும்பட்டும். ஆனால் முதல் சந்திப்பிலேயே ‘உங்கள் வீட்டில் யார் போனார்கள்’ என்று கேட்கும் பிள்ளையை அனுப்பக் கூடாது. நீர் எதுவரை வந்தது, எந்த மரம் நின்றது, பிறகு வீடு எங்கே மாறியது என்று இடத்தைப் பற்றிக் கேட்கப் பழக்குங்கள். சொல்ல விரும்புபவர் மற்றதைத் தாமே சொல்வார்.

புறாத்தீவுக்குப் போக எல்லாப் பிள்ளைக்கும் ஆசை. நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கிடக்கும் இந்தத் தீவு 2003 முதல் தேசிய பூங்கா. இரவு தங்கும் இடம் அல்ல. போவது எஞ்சின் வள்ளத்தில். ஆகையால் அதைப் பயணத்தின் தூரமாகக் கணக்கிட முடியாது, பகல்நேர ஆய்வின் ஒரு துண்டாகச் சேர்க்கலாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேண்டும். முருகைக் கல்லில் கால் வைக்காமல் நீந்தத் தெரியாத பிள்ளையை நீருக்குள் இறக்கவே வேண்டாம். கரையில் நின்று வருவோர் எண்ணிக்கையையும், கல்லை மிதிப்போர் எண்ணிக்கையையும் ஒரு மணித்தியாலம் எழுதுவதே நல்ல வேலை.

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கரையால் நடக்கும் வழி பலருக்கும் முதலில் தோன்றும். வரைபடத்தில் நேர்கோடு, காலுக்கு அப்படி இல்லை. பொசுபொசு மணலில் மூட்டையோடு மணிக்கு இரண்டரை முதல் மூன்று கிலோமீற்றருக்கு மேல் போக முடியாது. அலை தொட்டுக் கெட்டியான விளிம்பால் நடக்க வேண்டும். சாம்பல்தீவில் களப்பு கடலோடு சேரும் இடத்தில் கரையை விட்டு ஏறி வீதிப் பாலத்தால் கடக்க வேண்டும். முகத்துவாரத்துக்குள் இறங்கிக் கடக்க முயல்வது எந்தக் காலத்திலும் வேண்டாம். காலை ஆறு முதல் பத்து வரை நடை, பிறகு நிழலில் ஆய்வு, பின்னேரம் நான்குக்குப் பிறகு மீதி நடை. 42 கிலோ எடையுள்ள பிள்ளையின் மூட்டை எட்டரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. உடல் எடையில் ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 4 முதல் 5 லீற்றர். அவ்வளவையும் சுமக்க முடியாது, ஆகவே நிரப்பும் இடங்களை முன்பே வீட்டுக்காரரிடம் கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற் ஆளுக்கு இரண்டு. தலைவலி, வாந்தி, வியர்வை நின்றுபோதல் தெரிந்தால் நடை அந்த இடத்தோடு நிற்க வேண்டும். நிழல், நனைத்த துணி, வைத்தியசாலை.

மணலில் கூடார முளை நிற்காது. இரவில் காற்று எழும்பினால் கூடாரம் குழுவோடு சேர்ந்து புரளும். துணிப்பையில் மூன்று நான்கு கிலோ மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்தால் அசையாது. ஆறு பேருக்கு இரவுச் சாப்பாடு 700 கிராம் அரிசி, 300 கிராம் பருப்பு; காலைக்கு அவலும் தேங்காயும் சர்க்கரையும், அடுப்பே தேவையில்லை. கலந்த குழுவென்றால் இறைச்சியும் மீனும் இல்லாமல் சமைப்பது எல்லோருக்கும் வசதி. சண்டைக்கு இடமில்லை, பழுதாவதும் இல்லை.

அனுமதி விடயத்தில் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். தங்கும் இடத்துக்குப் பிரதேச செயலகத்தின் எழுத்து அனுமதி, கிராம உத்தியோகத்தருக்குத் தகவல், பொலிஸ் நிலையத்துக்குப் பெயர்ப்பட்டியலின் பிரதி. துறைமுகத்தைச் சுற்றிய நிலத்தில் கடற்படைக்கு உரிய பகுதிகள் பல. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் பக்கமும் சும்மா நுழையும் இடம் அல்ல. உட்பக்கக் காட்டோரத்தில் தங்குவதென்றால் யானை நடமாட்டத்தை வனசீவராசிகள் அலுவலரிடம் கேட்காமல் கூடாரம் அடிக்கக் கூடாது.

தங்கப் படியில் மட்டும் இன்னொன்று உண்டு: வழக்கமான கூட்டாளிகள் அல்லாதவர்களோடு 5 பகல் 4 இரவு தங்கி ஒரு பொது வேலை செய்வது. மூன்று சமூகமும் அருகருகே இருந்தும் வெவ்வேறு பாடசாலைக்குப் போகும் இந்த மாவட்டத்தில், முழுத் திட்டத்திலும் நாங்கள் அதிக மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான். குறை என்னவென்றால் அது தங்கம் வரை காத்திருக்கிறது. அதற்குள் பலர் நின்றுவிடுகிறார்கள். நல்ல தலைவர் வெண்கலப் பயணக் குழுவையே மூதூர், கிண்ணியா, கந்தளாய், நகரம் என்று கலந்து அமைத்துவிடலாம். விதி அதைத் தடுக்கவில்லை.

இரண்டாவது குறை தலைவர்களைப் பற்றியது. ஓர் ஆசிரியர் 80 பிள்ளைகளைப் பதிந்தால், எல்லோருக்கும் ஒரே சேவை, ஒரே திறன், ஒரே கையொப்பம் என்றாகிவிடும். தெரிவு பிள்ளையினது என்ற அடிப்படையே அங்கே போய்விடுகிறது. சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை நான்கு. தலைவருக்கு எத்தனை பிள்ளைகள்? ஒவ்வொரு பிரிவுக்கும் அந்த வேலை தெரிந்த தனி மதிப்பீட்டாளர் உண்டா? பதிவுக் கட்டணம் தவிரப் பயணத்துக்கு எவ்வளவு? பெண்பிள்ளைகளோடு பெண் மேற்பார்வையாளர் இரவிலும் இருப்பாரா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான ‘ஓம்’ வராவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

பதிவேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விருது கிடைக்காமல் நிற்பவர்களில் பலர் வேலை செய்யாதவர்கள் அல்லர், எழுதாதவர்கள். திகதி, நேரம், செய்தது, கற்றது என்று நான்கு வரி, வேலை முடிந்த அன்றிரவே. மூன்று மாதத்தை ஒரே இரவில் நினைவிலிருந்து எழுதினால், போயாவிலும் பரீட்சை நாளிலும் சேவை செய்ததாகத் திகதி விழும். மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஒரு வாரம் தவறினால் தவறியது என்றே எழுதி, முடிவில் ஒரு வாரம் கூட்டிச் செய்யுங்கள். ஒரே மணித்தியாலத்தை இரண்டு பிரிவில் எழுத முடியாது. சாரணராகவோ பரி. யோவான் அம்புலன்ஸ் படையிலோ இருப்பவர் அங்கே செய்வதையே உரிய பிரிவில் காட்டலாம்; இரண்டு சுமை இல்லை.

காலத்தைத் தெரிவதில்தான் வெளியூர்த் திட்டமிடல் இங்கே சறுக்குகிறது. ஐப்பசி பிறந்தால் வாடை. தை நடுப்பகுதி வரை கடல் கொந்தளிக்கும், மழை கொட்டும், களப்பு வாய்கள் திறந்திருக்கும். கடற்கரைச் சேவையைத் தொடங்கினால் நான்காம் வாரத்திலேயே அறுந்துபோகும். வைகாசிக்குப் பிறகு கச்சான் அடிக்கும். பகல் நடை பிள்ளைக்கு ஆகாது. ஆகவே தை கடைசியில் சேவையையும் திறனையும் தொடங்கி, மாசி, பங்குனியில் பயிற்சியும் ஒத்திகையும், சித்திரை விடுமுறையில் தகுதிப் பயணம் என்பது இந்தக் கரைக்குப் பொருந்திய ஒழுங்கு. முஸ்லிம் பாடசாலைகளின் தவணை வேறு. நோன்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்து வரும். கலந்த குழுவின் தலைவர் இரண்டு நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திகதி குறிக்க வேண்டும். வாரச் சேவைக்கு ஞாயிறு காலையை எடுக்காதீர்கள். அறநெறி, தகம் பாடசாலை, தேவாலயம் எல்லாம் அப்போதுதான். வெள்ளி மத்தியானமும் வேண்டாம். சனி பின்னேரம் நான்கரை மணிதான் மிஞ்சுகிறது, டியூஷன்காரர் விட்டால். 9ஆம் ஆண்டில் 14 வயது நிரம்பியதும் தொடங்கும் பிள்ளைக்கு அந்த நேரம் கிடைக்கும். 11ஆம் ஆண்டில் சாதாரண தரத்துக்கு நடுவில் தொடங்குபவருக்குக் கிடைக்காது. அவர் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் நேரே வெள்ளியைத் தொடங்கலாம்.